பெறாமையைப் பொறுக்கும் பயிற்சி

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள் முதல் நம் ஊர்களில் ஒரு கேள்வி வீடு வீடாகச் செல்லத் தொடங்கும். “உங்கள் பெண்ணுக்கு மெடிக்கல் கிடைத்துவிட்டதா?” என்பதே அக்கேள்வி. கேட்பவர் அன்பினால்தான் கேட்கிறார். ஆயினும், கிடைக்காத வீட்டில் அக்கேள்வி வந்து விழும்போது, கூடத்தில் அமர்ந்திருந்த பிள்ளை ஓசையின்றி எழுந்து உள்ளறைக்குச் சென்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். “பொறுமையாக இரு, முயற்சியைக் கைவிடாதே” என்று எத்தனையோ மாணவர்க்குக் கூறியிருக்கிறேன். அது எவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடிய வாக்கியம் என்பதை என் பேர்த்தியின் மூன்றாண்டுக் காலத்தை அருகிருந்து கண்ட பின்னரே உணர்ந்தேன். பொறுமையையும் பாடம்போலப் பகுத்துக் கற்பிக்க வேண்டும். அம்முயற்சியே இக்கட்டுரை.

முதலில், எதிர்நிற்கும் மலையின் உயரத்தைப் பெற்றோர் அறிதல் வேண்டும். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தகுதி பெற்றவர் ஏறத்தாழ 12 லட்சத்து 36 ஆயிரம் பேர். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அவற்றுள்ளும் ஏறத்தாழப் பாதி தனியார் கல்லூரிகளில் உள்ளவை. ஆகவே “தகுதி பெற்றாள்” என்பதும் “இடம் பெற்றாள்” என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தேர்வுக்கு முன்னரே வீட்டில் எல்லாரும் அறிந்திருந்தால், முடிவு வந்த நாளில் இனிப்பு வழங்கி மறு மாதம் கண்ணீர் விடும் நிலை நேராது. இடம் கிடைக்காமற் போன பிள்ளைகள் அறிவற்றவர் அல்லர் என்பதற்கு இவ்வெண்களே சான்று.

தேர்வு முறையும் நம் கண்முன்னரே பலமுறை மாறியுள்ளது. தமிழகத்தில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் அது நீங்கி, மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் ஏற்பட்டது. எம்முறை நல்லது என்னும் வாதம் பெரியது. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையிலும் சில நூறு மதிப்பெண் வேறுபாட்டால் அல்ல, ஓரிரு மதிப்பெண்ணால் வாயிலில் நின்றுவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன் என்பது மட்டும் இங்கே போதும்.

நம் ஆகமம் இந்நிலையை அறியாததன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முனிவர் பொறுக்க வேண்டிய 22 பரீஷகங்களைக் கூறுகிறது. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் ஆகியவற்றை நாம் உடனே நினைவுகூர்வோம். அப்பட்டியலின் பிற்பகுதியில் உள்ள மூன்றை மறந்துவிடுவோம். அலாபம், அதாவது பெறாமை. பிரக்ஞை, அதாவது கற்றேன் என்னும் செருக்கு எழாமற் காத்தல். அஞ்ஞானம், அதாவது எவ்வளவு முயன்றும் விளங்கவில்லையே என்னும் துயரைப் பொறுத்தல். தேர்வுக்குப் பயிலும் பிள்ளை இம்மூன்றையும் ஒரே வாரத்தில் சந்திக்கிறது. திங்களன்று மாதிரித் தேர்வில் முதலிடம் பெற்றுச் செருக்குறுகிறது. புதனன்று சுழல் இயக்கக் கணக்கு புரியாமல் அழுகிறது. ஆண்டு முடிவில் பெறாமை வந்து நிற்கிறது.

முனிவர்க்குரியதை இல்லறத்தார் பிள்ளைக்குப் பொருத்தலாமா என்று பண்டிதர் எவரேனும் வினவலாம். பொருத்தலாம் என்பது இந்த ஆசிரியையின் துணிபு. ஆகாரம் கிடைக்காமல் திரும்பும் முனிவர் அவ்வீட்டாரை வெறுப்பதில்லை, தம்மையும் நொந்துகொள்வதில்லை. உரிய வேளையில் மீண்டும் புறப்படுகிறார். அந்த மீண்டும் புறப்படுதலை நாம் கவனிப்பதில்லை. பெறாமைக்கு அந்தராய கர்மத்தைக் காரணமாகச் சூத்திரம் கூறுவதைப் பிடித்துக்கொண்டு, “அவள் வினை அவ்வளவுதான்” என்று சில பெரியவர்கள் பிள்ளையின் காதுபடப் பேசுகிறார்கள். வினையைக் குறித்துக் கற்றவர் அவ்வாறு பேசார். வினை முயற்சியால் உதிர்க்கத் தக்கது என்பதன்றோ நம் கொள்கை!

இனி, மூன்றாண்டுக் கதைக்கு வருகிறேன். 2023-இல் என் பேர்த்தி பெற்றது 541 மதிப்பெண். இடம் இல்லை. ஓராண்டு வீட்டிலிருந்து பயின்று 2024-இல் 588 பெற்றாள். நாற்பத்தேழு மதிப்பெண் கூடிற்றே என்று நாங்கள் மகிழ்ந்தோம். தரவரிசையோ முன்னையினும் பின்னே போயிற்று. அவ்வாண்டு நாடெங்கும் மதிப்பெண்கள் உயர்ந்திருந்தன. முதலில் வெளியான முடிவில் 67 பேர் முழு மதிப்பெண்ணாகிய 720 பெற்றிருந்தனர். பின்னர்க் கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேர்க்கு அதனை நீக்கி, 2024 ஜூன் 23 அன்று மறுதேர்வுக்கு வாய்ப்பளித்தனர். வினாத்தாள் கசிவு வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தேர்வை முழுமையாக ரத்து செய்ய இயலாது என்று ஜூலை 23 அன்று நீதிமன்றம் கூறிற்று. இயற்பியல் வினா ஒன்றுக்கு ஒரே விடைதான் சரி என்று முடிவாகித் திருத்திய பட்டியல் மீண்டும் வந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அப்பெண் ஒவ்வொரு நாளும் செய்தியைப் பார்த்தாள், புத்தகத்தைத் தொடவில்லை. இங்கே நாங்கள் பெரியவர்கள் பிழை செய்தோம். மறுதேர்வு வரும், வராது என்று வீட்டுக் கூடத்தில் வழக்கறிஞர்களாகி வாதிட்டுக்கொண்டிருந்தோம். நம் கையில் இல்லாத செய்தியை நாள் முழுதும் பேசுவது பிள்ளையின் படிப்பு நேரத்தைத் திருடுவதாகும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

2025 மே 4 அன்று மூன்றாம் முறை எழுதினாள். இயற்பியல் பகுதி மிகக் கடினமாக அமைந்தது. பெற்றது 519. முந்தைய ஆண்டைக் காட்டிலும் 69 குறைவு. மதிப்பெண்ணைக் கண்டதும் என் மகன் நாற்காலியில் அமர்ந்துவிட்டான். ஆனால் அவ்வாண்டு நாட்டிலேயே மிகுந்த மதிப்பெண் 686-தான். ஒருவரும் 720 பெறவில்லை. தரவரிசையில் அவள் வெகுதூரம் முன்னேறியிருந்தாள். ஆதலால், கடந்த ஆண்டு இத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று கணக்கிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண். தேர்வு எழுதி வந்த அன்று மாலையே விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு பிள்ளையை விசாரிக்கும் தந்தையர் இதனை மனத்தில் இருத்துவாராக.

பயிலும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் ஆய்வைக் கற்பித்தார்கள். 1885-இல் அவர் வெளியிட்ட நூல் அது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்தார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது. இடைவெளி விட்டு மீளப் பயின்றால் மறதியின் வேகம் தணிகிறது. பயிற்சித் தேர்வுக்காக இதனை எழுதி மதிப்பெண் பெற்ற நானே, வகுப்பில் ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடியிருக்கிறேன்! என் பேர்த்திக்கு இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் இதனை முறையாகச் செய்து கொடுத்தேன். இன்று படித்த பகுதியை நாளை புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்த்தல். அடுத்த வாரம் மீண்டும். அடுத்த மாதம் மீண்டும். மூடிய புத்தகம் என்பதே இதில் உயிர்நாடி. திறந்த புத்தகத்தை வண்ணப் பேனாவால் கோடிட்டுக்கொண்டிருந்தால், தெரிந்துவிட்டது என்னும் மயக்கமே மிஞ்சும்.

மற்றொன்று பிழைக் குறிப்பேடு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு வினாவையும் எழுதி, பக்கத்தில் தவறிய காரணத்தை ஒரே சொல்லால் குறிக்க வேண்டும்: தெரியாதது, மறந்தது, அவசரம். என் பேர்த்தியின் குறிப்பேட்டில் மூன்றாம் மாதம் எண்ணிப் பார்த்தபோது பாதிக்கு மேல் “அவசரம்” என்றே இருந்தது. “தவறானது எது?” என்னும் வினாவைச் “சரியானது எது?” என்று படித்திருந்தாள். இதற்குக் கூடுதல் பாடம் படித்துப் பயன் என்ன? வினாவின் கடைசிச் சொல்லின் மீது பென்சில் முனையை வைத்துப் படிக்கச் சொன்னேன். சிறு குழந்தைக்குச் சொல்வது போல இருக்கிறதே என்று சிரித்தாள். பின்னர்ச் செய்தாள்.

தேர்வுக்கூடத்துக் கலக்கத்தில் பாதி, கணக்கு அறியாமையால் வருவது. 180 வினாக்கள், 180 நிமிடங்கள். சரியான விடைக்கு 4. தவறுக்கு ஒன்று குறையும். இந்த ஒன்றைக் கண்டு அஞ்சி, ஓரளவு தெரிந்த வினாக்களையும் விட்டுவிடும் பிள்ளைகள் மிகப் பலர். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தபின் மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால், இவ்வாறு இரு வினாக்களுக்கு ஒன்று சரியாகும், மற்றொன்று தவறாகும் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு கூடி ஒன்று குறைய, மூன்று மிஞ்சுகிறதே! நான்கில் ஒன்றும் தெரியாத வினாவில் நம்பத்தக்க இலாபம் இல்லை. அதனைக் கடந்து போகலாம். உயிரியல் 90 வினாக்களை 50 நிமிடத்திலும், வேதியியலை 50 நிமிடத்திலும், இயற்பியலை 65 நிமிடத்திலும் முடித்து, எஞ்சிய 15 நிமிடத்தை விடைத்தாளின் வட்டங்களைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுமாறு பழக்கினோம். 2025-இல் இயற்பியல் தாளைக் கண்டு தன் வரிசையிலேயே இருவர் அழுததாகக் கூறினாள். இவள் உயிரியலை முதலில் முடித்திருந்தாள். “இது எனக்கு மட்டும் கடினம் இல்லை, பாட்டி, எல்லாருக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன்” என்றாள். நான் கற்பிக்காத ஒன்றை அவளே கற்றிருந்தாள்.

கூடத்தின் வாயில் 1.30 மணிக்கு மூடப்படும். தேர்வு 2 மணிக்கு. கோடையில் வெயில் கொடியது. முதல்நாளே மையத்தைக் கண்டு வருவதும், 11 மணி அளவில் மோர் சோறு அளவாக உண்பதும் நன்று. நம் பிள்ளைகளுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் மாலை 4 மணி முதல் 8 மணி வரை நடைபெறும். சூரியன் மறைந்தபின் உண்ணாத வீட்டுப் பிள்ளை பசியோடு திரும்பி, பசியோடே படித்துப் படுக்கிறது. அவள் சென்ற பயிற்சி நிலையத்தில் இடைவேளை 6.45-க்கு. முதலாண்டு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் பட்டினி கிடந்திருக்கிறாள். அறிந்தபின் அவள் தாய் பொறுப்பாளரிடம் சென்று பேச, 5.45-க்குப் பத்து நிமிடம் வெளியே சென்று உண்ண இசைந்தனர். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படுவது நம் வழக்கம்.

விண்ணப்பத்தில் நிகழும் தவறுகளைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவுறாது. நீட் எழுதிவிட்டால் அழைப்பு தானே வரும் என்று எண்ணி ஓராண்டை இழந்த குடும்பத்தை நான் அறிவேன். தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரியவை. அதற்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் பதிய வேண்டும். எஞ்சிய 85 விழுக்காட்டுக்குச் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழுவுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று முதலியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம். நம்மவர்க்குரிய சிக்கல் ஒன்று: தந்தையின் பெயர் ஒரு சான்றில் “நயினார்” என்னும் பின்னொட்டுடன் இருக்கும், மற்றொன்றில் இராது. எங்கள் வீட்டில் இதைத் திருத்தவே ஐந்து வாரம் ஆயிற்று. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாச் சான்றுகளையும் மேசைமேல் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடம் கிடைக்காத ஆண்டில் தொலைபேசியில் சிலர் அழைப்பார்கள். “நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கித் தருகிறேன்” என்பார் ஒருவர். “வெளிநாட்டில் குறைந்த செலவு” என்பார் மற்றொருவர். துயரத்தில் இருக்கும் வீட்டில்தான் இப்பேச்சு எடுபடும். வெளிநாட்டில் பயில்வதற்கும் நீட் தகுதி வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். திரும்பியபின் இங்கே உரிமத் தேர்வும் உண்டு. இவற்றை எழுத்தில் காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. நிலத்தை விற்பதற்கு முன் நான்கு நாள் பொறுங்கள்.

எத்தனை முறை எழுதலாம்? நீட் தேர்வுக்கு 17 வயது நிறைய வேண்டும் என்பதன்றி உச்ச வயதோ முறை வரம்போ இல்லை. அதனாலேயே வீட்டில் ஒரு வரம்பு வேண்டும் என்பேன். அவ்வரம்பைத் தேர்வுக்கு முன்னர், அமைதியான நாளில், பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். என் தம்பியின் பேரன் இருமுறை எழுதினான். மூன்றாம் முறை வேண்டாம் என்று அவனே கூறிக் கால்நடை மருத்துவத்தில் சேர்ந்தான். தமிழகத்தில் அப்படிப்பின் பெரும்பகுதி இடங்கள் மேனிலை மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. உறவினர் சிலர் “மாட்டு டாக்டரா?” என்று கேட்டனர். ஜீவதயையை நாள்தோறும் பேசும் குடும்பத்தில் இக்கேள்வி எழுந்ததை எண்ணி நான் நாணினேன். விடாமுயற்சி உடையவன் அவனா, என் பேர்த்தியா என்று கேட்டால், என்னால் ஒருவரைச் சுட்ட இயலாது.

இன்னொன்றை மறைக்காமல் எழுத வேண்டும். இத்தேர்வின் பொருட்டு உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் நம் மாநிலத்தில் உண்டு. 2024 ஜூன் மாதத்து இரவொன்றில் என் பேர்த்தி, “நான் எல்லாருக்கும் பாரம்தானே, பாட்டி?” என்று கேட்டாள். ஏதோ அலுப்பில் சொல்கிறாள் என்று கடந்துபோகவிருந்தேன். பல ஆண்டு ஆசிரியப் பணி தந்த பழக்கம் என்னை நிறுத்தியது. விளக்கை அணைக்காமல் அவள் அருகில் அமர்ந்து, “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, கண்ணே?” என்று நேரே கேட்டேன். அவ்வாறு கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுவர். அது தவறான அச்சம். அவள் நெடுநேரம் அழுதாள். சில நாள் தோன்றியது என்றாள். மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வர் என்று என் மகன் தயங்கியபோது, காய்ச்சலுக்குச் செல்கிறோமே என்றேன். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 104 என்னும் எண்ணும் உண்டு. இவ்விரு எண்களையும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தோம். இன்னும் அங்கேயே இருக்கின்றன.

2025-இல் இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் தென்மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதற்சுற்றில் கிடைக்காதபோது வீட்டில் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அவள் பிழைக் குறிப்பேட்டைப் பழைய தாள்காரரிடம் போடாமல் அலமாரியில் வைத்தாள். அடுத்த ஆண்டுக்குத் தேவைப்படலாம் என்றாள்.

இப்போது விடுதியில் இருக்கிறாள். அங்கே இரவு உணவு 7.30 மணிக்கு. மாலை 6 மணிக்குள் தனக்கு மட்டும் உணவு தர வேண்டும் என்று காப்பாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்தாள். மறுத்தார். மறு வாரம் மீண்டும் கொடுத்தாள். நான்காம் விண்ணப்பத்தில் இசைவு கிடைத்தது. இன்று மூன்று பெண்கள் 6 மணிக்கு உண்கிறார்களாம். ஒருத்தி ஆரணிப் பக்கத்து நம் பெண். மற்றொருத்திக்கு நம் நோன்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. சீக்கிரம் உண்டால் சீக்கிரம் உறங்கலாம் என்று சேர்ந்துகொண்டாளாம்.